பங்கு போட முடியாத மீன்

அன்று எங்கள் ஊர்ச் சபைக்கூடமான மனியாபாவில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு. கிழக்குப் பக்கம், நடுத்தூணில் முதுகைச் சாய்த்தபடி எண்பத்தொரு வயது நபுவாகா. ஊர்ப் பேச்சைத் தொடங்கி வைப்பதும் முடித்து வைப்பதும் அவருடைய குடியின் உரிமை. இடையில் தூங்குவது அவருடைய சொந்த உரிமை. வடக்குப் பக்கம் இயோதெபா. அவருக்குப் பின்னால், தலைநகரில் படித்துவிட்டு வந்த அவருடைய தம்பி மகன் பவுரோ. தெற்குப் பக்கம், கூரை இடுப்பளவுக்குத் தாழ்ந்து வரும் ஓரத்தில் கபுனாரே. அவனுக்குப் பக்கத்தில் அவன் மனைவி தெரெங்கா. மேற்கில் மற்றக் குடிகளைச் சேர்ந்த பதினேழு பேர். நான் நபுவாகாவின் இடப்பக்கம், பாயின் விளிம்பில். ஊருக்கு வரும் கடிதங்களைப் படித்து, பதில் எழுதுகிறவனுக்கு அங்கேதான் இடம்.

கபுனாரேயின் தலையில் ஒரு முள்ளுப் பேத்தை இருந்தது.

இது வழக்கமல்ல. பந்துபோல் ஊதிய பேத்தை மீனை மணலில் புதைத்து எடுத்து, உலர்த்தி, தலைக்கவசம் செய்வது எங்கள் தீவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய சண்டைகளில் சுறாப்பல் வாள் மண்டையில் இறங்காமல் காத்தது அதுதான். ஆனால் மனியாபாவுக்குள் யாரும் தலையை மூடி உட்காருவதில்லை. மூடியவன் பெயரை அன்று முழுவதும் எந்தக் காரியத்துக்கும் சபையில் எடுக்கக் கூடாது. அன்றைய காரியமோ ஒரு பெயரை எடுப்பது மட்டுமே.

கடல் தாண்டிய சுவா நகரில் நடக்கவிருந்த தீவுகள் விழாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒரு பேத்தைத் தலைக்கவசமும், அதைப் பற்றிச் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். விமானத்தில் ஓர் இருக்கை அவர்கள் செலவு. பதிலை இணைப்புப் படிவத்தோடு உடனே அனுப்பவும். மூன்று மணி விமானத்தில் பதில் போகாவிட்டால் அடுத்த விமானம் கெடு முடிந்த பிறகுதான்.

கவசம் செய்தவன் கபுனாரே. அவன் மகள் ரேதியா சுவாவில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்த்து மூன்று வருடம். அவளுக்குப் பிறந்த குழந்தையைப் பார்த்ததே இல்லை. குழந்தைக்கு இப்போது நான்கு பல் என்று போன கடிதத்தில் இருந்தது. அதைப் படித்துக் காட்டியவன் நான். அந்த வரியை மட்டும் ஏழு தடவை படிக்கச் சொன்னான்.

இயோதெபாவோ பவுரோவை அனுப்ப வேண்டும் என்று நின்றார். பவுரோ ஆங்கிலம் பேசுவான். கபுனாரே எங்கள் பாஷையிலேயே குறைவாகத்தான் பேசுவான்.

"கபுனாரே, தொப்பியக் கழட்டு," என்றார் இயோதெபா. பேச்சு இப்படித்தான் தொடங்கியது.

"கழட்ட வரல மச்சான்."

"வரலன்னா?"

"வர்ற வழியில மழை. ரெண்டு கையிலயும் சாமான். அதான் தலையில கவுத்துக்கிட்டேன். உள்ள போடுற ஓலைக்குல்லாவ வீட்லயே மறந்துட்டேன். ஈரத்துல இளகி எறங்கிருச்சு. அப்புறம் அடிச்ச வெயில்ல புடிச்சுக்கிச்சு."

மேற்குப் பக்கம் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"எண்ணெய் தடவினா வந்துட்டுப் போகுது," என்றார் இயோதெபா. "தெரெங்கா, எண்ணெய் கொண்டா."

"எண்ணெய் தீந்துருச்சு அண்ணே," என்றாள் தெரெங்கா. இயோதெபா அவளுடைய பெரியப்பா மகன்.

தென்னையைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக வளராத தீவில் தேங்காய் எண்ணெய் தீர்ந்துபோன முதல் வீடு அதுவாகத்தான் இருக்கும். கவசம் மட்டும் கழன்றால் அதைப் பவுரோ கையில் கொடுத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"அப்ப சரி. தொப்பியோட உக்காந்திருக்கான். அவன் பேர எடுக்கக் கூடாது. பவுரோ பேர எழுதுங்க வாத்தியாரே."

நான் வாத்தியார் இல்லை. பேனா வைத்திருப்பதால் அப்படிக் கூப்பிடுவார்கள்.

"அது தொப்பின்னு யாரு சொன்னா?" என்றாள் தெரெங்கா. "போன மாசம் வரைக்கும் தண்ணிக்குள்ள நீந்திக்கிட்டிருந்துச்சு. உங்க தொப்பி எதுண்ணே நீந்துச்சு? அது மீனு."

சபை அசைந்தது. இதில் நியாயம் இருந்தது.

இயோதெபா கொஞ்ச நேரம் பாயைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்து, "மீனா? ரொம்ப சந்தோஷம். மனியாபாவுக்குள்ள வந்த மீன என்ன செய்வோம்? பங்கு போடுவோம். போடுங்க பங்கு!" என்றார்.

நபுவாகா கண்ணைத் திறந்தார். பங்கு என்ற சொல்லுக்கு அவர் எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுவார். "தலை எங்க குடிக்கு," என்றார்.

"எந்தத் தலை பெரியவரே?" என்று மேற்கிலிருந்து ஒரு குரல். "ரெண்டு இருக்கே."

இதற்குப் பிறகு சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. கபுனாரேயும் சிரித்தான். சிரித்தபோது கவசம் இன்னும் ஒரு விரல்கடை இறங்கிப் புருவத்தை மறைத்தது.

"பேத்தை நஞ்சு மீனு," என்றாள் தெரெங்கா. "பங்கு போட்டா எங்க அண்ணனுக்குத்தான் மொதப் பங்கு. கேட்டது அவருதான."

அப்போது பவுரோ பின்னாலிருந்து, "பெரியப்பா, சண்டையில போட்டதுதான அது? அப்படின்னா ஆயுதக் கணக்குல வரும்," என்று எடுத்துக் கொடுத்தான். ஆயுதத்தை மனியாபாவுக்கு வெளியே வைக்க வேண்டும். வெளியே வைப்பதென்றால் தலையையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். தன் குடியின் இடத்தை விட்டு எழுந்தாலோ கபுனாரேவுக்குப் பேச்சுரிமை போய்விடும். எனவே அவன் உட்கார்ந்த இடத்திலேயே மெல்லச் சாய்ந்து, மல்லாந்து, பின்னால் நகர்ந்து, கூரை ஓரத்துக்கு அப்பால் தலையை மட்டும் நீட்டினான். கழுத்து வரை சபையில் இருந்தான். மிச்சம் வெயிலில் இருந்தது. ஒரு நாய் வந்து பார்த்து, நெடுநேரம் குரைத்தது.

"இப்ப கேக்குதா மச்சான்?" என்று வெளியிலிருந்து கத்தினான்.

"வெளியிலேர்ந்து பேசுறவன் பேச்சு சபையில ஏறாது," என்றார் இயோதெபா.

"காலு உள்ளதான இருக்கு!"

"அப்ப காலால பேசு!"

மணி ஒன்றரை. விமானத் திடலுக்குச் சைக்கிளில் நாற்பது நிமிடம். படிவத்தின் மற்ற இடங்களையாவது நிரப்பிவிடலாம் என்று நான் அனுமதி கேட்டேன். நபுவாகா கையை அசைத்தார். உரக்கப் படித்தேன்.

"ஒன்று. பொருளின் வகை. கைவினை, கடல் உணவு, ஆயுதம், ஆடை. ஒன்றில் மட்டும் குறியிடவும்."

"அதுதான தெரியாம அடிச்சுக்கிட்டிருக்கோம்," என்றார் நபுவாகா. "அடுத்தது."

"இரண்டு. பொருளுடன் வருபவர் பெயர்."

"அடுத்தது."

"மூன்று. பொருள் வழியில் உடையாதபடி எதைக்கொண்டு பொதியப்பட்டுள்ளது?"

நபுவாகா தூணை விட்டு நிமிர்ந்தார். "இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"பேத்தையோட முள்ளு வழியில ஒடியாம இருக்கணும்னா உள்ள என்னத்த வச்சுக் கட்டுவோம்?"

"தேங்காய் நார் வைப்போம் பெரியவரே. பழந்துணி."

"இப்ப உள்ள என்ன இருக்கு?"

சபை முழுவதும் கூரை ஓரத்தைப் பார்த்தது. பார்க்கக் கிடைத்தவை கபுனாரேயின் பாதங்கள்.

"கபுனாரே இருக்கான்," என்றேன்.

"எழுது."

இயோதெபா பாயில் ஓங்கி அடித்தார். "அவன் பேர எடுக்கக் கூடாதுன்னு வழக்கம் இருக்கு!"

"ஆளோட பேர எடுக்கக் கூடாது. நார் வச்சிருந்தா நாருன்னு எழுத மாட்டோமா? இது பொதியோட பேரு."

"பொதியப் பிரிங்க! கத்தி கொண்டாங்க, கிழிச்சு எடுத்துருவோம்!"

அதுவரை இருந்த சிரிப்பு நின்றது. வெளியே நாயும் நின்றது. கபுனாரே தலையை உள்ளே இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். நெற்றிக்கு மேல் முள், நெற்றிக்குக் கீழே வியர்வை.

"கிழிக்கிறதுன்னா கிழிங்க மச்சான்," என்றான். "என்ன விட்டுட்டு அது மட்டும் போகணும்னா எப்படியும் கிழிக்கத்தான் வேணும். ரேதியாவுக்கு வரலன்னு ஒரு வரி வாத்தியார எழுதச் சொல்லிக்கிறேன். ஒரு தடவ எழுதினாப் போதும்."

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நபுவாகா பவுரோவைப் பார்த்தார். "கிழிச்சாச்சுன்னு வச்சுக்க. நீ போற. எதைக் காட்டிப் பேசுவ?"

பவுரோ கணக்குப் போட்டான். புதிய பேத்தையைப் பிடித்து, புதைத்து, உலர்த்த ஒரு மாதம். விழாவுக்கு இருபது நாள். "காட்ட ஒண்ணும் இருக்காது பெரியவரே," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெரியப்பா, விட்ருங்க. அதுக்குப் பக்கத்து சீட்டுல உக்காரச் சொன்னாக்கூட நான் மாட்டேன்," என்றான்.

"அங்க வெளக்கிச் சொல்லணுமே!" என்றார் இயோதெபா. "இவன் என்னத்த சொல்வான்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்ணே," என்றாள் தெரெங்கா. "இந்தக் கோலத்துல போய் நின்னாப் போதும். ஊரே வந்து கேக்கும்."

இயோதெபா எல்லோர் முகத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவருடைய குடியிலேயே இரண்டு பேர் தலை குனிந்து சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: இரண்டாம் இடத்தில் கபுனாரேயின் பெயர் வரவே கூடாது. வழக்கம் வழக்கம்தான். சபை ஒப்புக்கொண்டது. "பொருளுடன் வருபவர்" என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு, "மூன்றாவது பதிலைப் பார்க்கவும்" என்று எழுதினேன். மூன்றாவதில், "கபுனாரே, வயது நாற்பத்தாறு, உயிருடன்" என்று எழுதினேன். முதல் கேள்விக்கு நான்கில் எதிலும் குறியிடவில்லை. ஓரத்தில், "பங்கு போட முடியாத மீன்" என்று எழுதச் சொன்னவர் நபுவாகா. சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கீழே பொதியின் எடை கேட்டிருந்தது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையில் இரண்டரை என்றாள் தெரெங்கா. முள் குத்தாத தூரத்தில் மற்றப் பயணிகளை உட்கார வைக்கும்படி கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன். "ஆள் நல்லவர்" என்று இன்னொரு வரியும் சேர்த்துவிட்டு, பொதியைப் பற்றி அப்படி எழுதலாமா என்று தெரியாமல் அடித்துவிட்டேன்.

திடலுக்கு நான் சைக்கிள் மிதித்தேன். கபுனாரே பின்னால் உட்கார்ந்து வந்தான். மேட்டில் என் முதுகில் இரண்டு இடத்தில் முள் பட்டது. விமானம் இறங்கி, விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. தபால் பையைக் கட்டிக்கொண்டிருந்த ஏஜெண்ட் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இது ஏத்தணுமா?"

"இல்ல, இது அடுத்த வாரம்," என்றேன். "இன்னைக்கு லெட்டர் மட்டும்தான்."

உறையின் பசை கடற்காற்றில் செத்துப்போயிருந்தது. ஏஜெண்டிடம் ஒரு துண்டு டேப் வாங்கி, மடிப்பின் மேல் நீளவாக்கில் ஒட்டினேன். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. கபுனாரே தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்து, நான் போதும் என்று சொன்ன பிறகும் நெடுநேரம் அழுத்தினான். ஏஜெண்ட் உறையை அவன் விரலுக்கடியிலிருந்து உருவித் தபால் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டினார்.