விழுகிறவள்

கீழே விழுவதுதான் என் வேலை. சிரிக்க வேண்டாம், இதற்குச் சம்பளம் உண்டு. என் அக்கா மனிதர்களின் மனதை ஆராய்கிறவள். ஒருவர் மயங்கி விழுந்தால், தனியாக இருப்பவன் ஓடி வருகிறான், நாலு பேரோடு இருப்பவன் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான் என்பது அவள் கட்சி. அதைச் சோதனை வைத்துப் பார்த்த முதல் ஆளும் அவள்தான். பைத்தியக்காரி என்றார்கள். விழ ஆள் கிடைக்காமல் கூடப்பிறந்த என்னைப் பிடித்துப் போட்டாள்.

போன வாரம் நான் விழுந்த விதத்தைப் பார்த்து அவளே பதறி, தான் ஒளிந்து நின்று கவனிக்கும் மறைவறையிலிருந்து கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்துவிட்டாள். சோதனை பாழ். கூட நடிக்கும் குமாஸ்தாவும் டிரைவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"இனிமே நீ நிஜமாவே செத்தாலும் நான் வெளிய வரமாட்டேன்டி."

நானும்தான் சிரித்தேன்.

இன்று காலையிலிருந்தே இடது தோள் இழுத்துக்கொண்டிருந்தது. ஆராய்ச்சியைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அவள் தலைகுனியக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன்.

காத்திருப்பு அறையில் குமாஸ்தா பத்திரிகை படித்தார், டிரைவர் நகத்தைப் பார்த்தார். என்ன நடந்தாலும் அசையக் கூடாதென்பது அவர்களுக்கு உத்தரவு. விஷயம் தெரியாதவர், சோதனைக்கு வந்திருந்த வழுக்கைத்தலைக்காரர் மட்டும்தான். நான் தண்ணீர் எடுக்கப் போய் விழ வேண்டும். எழும்போதே நெஞ்சை யாரோ பிடித்துக் கசக்குவது போலிருந்தது. நாற்காலியோடு சாய்ந்தேன். அப்படியொரு பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. குமாஸ்தாவின் காலைப் பிடித்தேன்.

"சார்... நிஜமாவே வலிக்குது. அக்காவக் கூப்பிடுங்க."

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். இன்றைக்கு வசனம் வேறு சேர்த்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். வழுக்கைத்தலைக்காரர் பாதி எழுந்தார். அவர்கள் இருவரையும் பார்த்தார். மெல்ல உட்கார்ந்துவிட்டார். அக்கா சொன்னது சரிதான். பாவி, அச்சு அசலாகச் சரி.

சுவரில் பதித்த கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பினேன். அதன் பின்னால் நிற்கும் அவளுக்கு நான் தெரிவேன். எனக்கு என் முகம்தான் தெரியும், வேர்த்துப்போய், சாம்பல் நிறத்தில். அக்கா, இது நடிப்பில்லை என்று சொல்லப் பார்த்தேன். குரல் வரவில்லை.

கண்ணாடியை ஒட்டிய கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது. பாதியில் நின்றது. திறக்கவும் இல்லை, மேலே போகவும் இல்லை.