சபியா உம்மாவின் வயலுக்கு நீண்ட கபுறு

"உள்ளுக்க ஆரு கிடக்கா? ஒரு பேரச் சொல்லுங்க மாமி, பாப்பம்!" என்று அபுல் ஹஸன் மௌலவி கத்தினார். "பேர் தெரிஞ்சாத்தான் சலாம் சொல்லுவீங்களோ மௌலவி?" என்று சபியா உம்மா அவரைவிட ஒரு பங்கு கூடக் கத்தினாள். இருவருக்கும் நடுவில் பச்சைப் போர்வையோடு கிடந்த கபுறு, அந்தப் பழைய சமாதி, கால்மாட்டுப் பக்கம் ஒரு முழம் நீண்டது. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அது. கல்முனைச் சந்தையில் அன்று கீரிமீன் மலிந்திருந்ததால், நீண்டதைப் பார்க்க நின்றவர்கள் குறைவு.

சபியா உம்மாவுக்கு அந்தக் கபுறில் பெரிய பக்தி இருந்ததென்று சொல்ல முடியாது. கந்தூரிச் சோற்றுக்குப் போவாள், தையல்காரி என்பதால் போர்வை தைத்துக் கொடுப்பாள், அவ்வளவுதான். அவளுடைய கவலை வேறு. மகள் உம்முவை இதே மௌலவிக்குத்தான் பேசியிருந்தார்கள். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை என்பது கிதாபில் இல்லாவிட்டாலும் கல்முனையில் உண்டு. சீதனம் ஹராம் என்று மிம்பரில் முழங்குகிறவர்தான் மௌலவி; ஆனால் அவருடைய உம்மா றுகையா மிம்பருக்கு எட்டாத தூரத்தில் இருந்தாள். "அறுவடையோட கூரை ஏறாட்டி, சம்மாந்துறையில வேற இடம் இரிக்கி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கூரைக்கு நெல் வேண்டும். நெல் சவளக்கடை வயலில் விளைந்து நின்றது. சபியா உம்மாவின் புருஷன் மௌத்தாகி மண்ணுக்குள் போகுமுன்பிருந்தே அதைச் செய்து பங்கு கொடுத்து வந்தவர் கந்தப்போடி. தொண்ணூறில் சண்டை மூண்டு பாதை அடைபட்ட பிறகு இங்கிருந்து சோனகர் அங்கே போவதில்லை, அங்கிருந்து தமிழர் இங்கே வருவதில்லை. நடுவில் ஆமி, அதற்கப்பால் இயக்கப் பொடியன்கள்.

ஆனால் ஒரு வழக்கம் இருந்தது. கபுறின் போர்வையில் கை வைத்தபடி நடப்பவர் கபுறைத் தரிசிக்கச் சியாறத்துக்கு வந்தவர்; அவரை மறிக்கக் கூடாது, அவ்விடத்தில் துவக்கும் செருப்பும் ஆகாது. இந்தச் சட்டத்தை யார் போட்டாரென்று யாருக்கும் தெரியாது. சட்டத்தைத் தெரியாதவர் திருக்கோவில் வரை கிடையாது. ஆமிக்காரரும் துவக்கை மரத்தில் சாத்திவிட்டு வெறுங்காலோடுதான் வருவார்கள், பொடியன்களும் அப்படித்தான். ஒருமுறை ஆமிக்காரன் ஒருவன் ரப்பர் செருப்போடும் பொடியன் ஒருவன் சப்பாத்தோடும் திரும்பிப் போனார்கள். மாற்றிக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

ஆகவே கபுறு நீள நீளப் பாதை திறந்தது. வெள்ளிக்கிழமை தோறும் மௌலவி குத்பாப் பிரசங்கத்தில் கபுறைத் திட்டுவார், ஊர் இரண்டாகப் பிரிந்து வாய்ச்சண்டை பிடிக்கும், சனிக்கிழமை பார்த்தால் போர்வை பற்றாது. சபியா உம்மா முதலில் துணிக்கடைக்காரன் அளவில் கள்ளம் செய்கிறான் என்றுதான் ஏசித் திரிந்தாள். ஒரு வெள்ளி மௌலவிக்குக் காய்ச்சல்; குத்பா இல்லை, போர்வையும் அளவாக இருந்தது. சண்டைக்குத்தான் கபுறு நீளுகிறதென்று அன்றே அவளுக்கு விளங்கிவிட்டது. மறுநாளிலிருந்து வருங்கால மருமகனோடு வேலை மினக்கெட்டுச் சண்டை பிடிக்கத் தொடங்கினாள். பச்சைத் துணி தீர்ந்துபோன இடத்தில், கந்தப்போடியின் மனைவி செல்லத்தங்கம் தன் கூறைச் சேலையைக் கிழித்து அந்தப் பக்கத்திலிருந்து தைத்துக்கொண்டு வந்தாள்.

கபுறு சபியா உம்மாவின் வயலுக்கு இரண்டு வரம்பு முன்னால் நின்றபோது மௌலவிக்கு விசயம் எட்டிவிட்டது. உம்மு வேலிக்குள்ளால் சொன்னதாகத் தெருவில் கதை. அவர் வாயை மூடிக்கொண்டார். சபியா உம்மா எவ்வளவு குத்திப் பேசினாலும் சிரித்தார். கபுறு அசையவில்லை; போர்வை எட்டாத அந்த இரண்டு வரம்பில் மூட்டை என்றால் பொடியன்கள் மறிப்பார்கள்; நெல் முற்றிச் சாயத் தொடங்கியது.

கந்தப்போடி போர்வையைப் பிடித்தபடி வந்து, "மௌலவி, ஒரு சொல்லு ஏசுங்களன், நெல்லெல்லாம் கொட்டுண்டு போகப்போகுது" என்று கெஞ்சினார்.

"மார்க்கத்தில பொய் கலந்ததாலதான் இவ்வளவு சண்டையும்" என்றார் மௌலவி, குரலை உயர்த்தாமல்.

"சண்டை வந்தது காணியால, மௌலவி. சாமியக் கூட்டிக்கொண்டு வந்தது துணைக்கு."

அதற்கும் மௌலவி கோபப்படவில்லை. பட்டப்பகலில் மண்வெட்டியோடு வந்து, ஊர் பார்த்திருக்கக் கபுறை நடுவில் தோண்டினார். மணல், ஈரம், பிறகும் மணல். ஒரு நண்டு வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"பாத்தீங்களா? ஒருத்தரும் இல்ல!"

"அது எங்களுக்குத் தெரியாதா மனே?" என்றாள் சபியா உம்மா. "ஆள் இரிந்தா இவ்வளவு நீட்டுக்கு எப்பிடிப் படுப்பாரு?"

இதுதான் மௌலவிக்குத் தாங்கவில்லை. நம்பி ஏமாந்தவர்களைத் திருத்த அவர் படித்திருந்தார். தெரிந்துகொண்டே போர்வை போடுகிறவர்களை என்ன செய்வதென்று எந்த மதறசாவிலும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"பொய்யில கட்டின சமாதானம் நிக்காது மாமி!"

"உண்மையில கட்டின சண்டை மட்டும் நல்லாத்தானே நிக்கிது!"

அதன்பிறகு மௌலவி வாயிலிருந்து வந்ததை எழுதினால் அவருக்கு மரியாதையில்லை. அஸர் தொழுகைக்கு முன் கபுறு இரண்டு வரம்பையும் தாண்டி வயலுக்குள் காலை நீட்டிவிட்டது. தோண்டிய குழியை மூடும்போது மௌலவியும் மண் தள்ளினார். மாடு விழுந்துவிடும் என்பதற்காகவாம். கந்தப்போடியின் ஆட்கள் ஒரு கையைப் போர்வையில் வைத்து, மறு கையால் தலையிலிருந்த மூட்டையைப் பிடித்து, வரிசையாக வந்து சேர்ந்தார்கள்.

கூரை ஏறியது. உம்முவுக்கும் மௌலவிக்கும் நிக்காஹ் நடந்தது. செல்லத்தங்கம் பழஞ்சேலையோடு வந்து முன்வரிசையில் இருந்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத றுகையா இளைய மகளோடு இருக்கச் சம்மாந்துறைக்குப் போய்விட்டாள். மௌலவி, ஊர் வழக்கப்படி, பெண் வீட்டில் மாமியோடு இருக்கிறார். கபுறில் ஒருவருமில்லை என்று வெள்ளிக்கிழமை தோறும் இன்னும் சொல்கிறார். யாரும் மறுப்பதில்லை என்பதால் அந்தப் பக்கம் நீளுவது நின்றுவிட்டது. வீட்டில் சண்டை இப்போது கறிக்கு உப்புப் பற்றி. கபுறின் தலைமாடு தெருவைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, குசினி வாசலில் வந்து நிற்கிறது. மௌலவி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிடப் போகிறார்.