குச்சி எண் 114

குச்சியில் இருந்த தேதி நவம்பர் ஒன்பது.

பொன்னுச்சாமி தன் கையால் எழுதியது. தேதி, அதன்கீழ் பயிரின் பெயர், அதன்கீழ் 114. பாத்தியைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் எண்ணைக் குச்சியில் எழுதி நட வேண்டும் என்பது கம்பெனி விதி. அமீரகத்தின் அல் ஐன் ஊரில் பதினோரு வில்லாக்களுக்கு அந்தக் கம்பெனிதான் தோட்ட வேலை பார்த்தது. வியாழக்கிழமைதோறும் சூப்பர்வைசர் அகமது கபீர் வருவார். குச்சி தெரியும்படி ஒவ்வொரு பாத்தியையும் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போடுவார்.

அன்று விதை போட்டது, பொன்னுச்சாமி தோட்டக்காரராக இருந்த வில்லாவின் பையன் வருண். இருபத்திரண்டு வயது. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, பின்பக்க கார்னர் எனக்கு வேணும். ஃபர்ஸ்ட் டைம் நானே வளர்க்கப் போறேன். அவுட்டோர். ஃபுல் ஆர்கானிக்.”

“என்ன தம்பி போடப்போறீங்க?”

“கீரை.”

“என்ன கீரை?”

வருண் சற்று யோசித்தான். “புளிச்சக்கீரை. வெளிநாட்டு வெரைட்டி.”

“அதுக்கு எதுக்கு இம்புட்டு நல்ல மண்ணு? குப்பைமேட்டுலயே வருமே.”

“மண்ணு லிவிங் சாயிலா இருக்கணும்ணா. உயிரோட.”

“நம்ம மண்ணு என்ன செத்தா கெடக்கு?”

இருவரும் சிரித்தார்கள்.

அந்த மண் பொன்னுச்சாமி செய்தது. மூன்று வருடம் முன்பு அவர் இந்த வீட்டுக்கு வந்தபோது மதிலுக்குள் மணலும் சிமென்ட் சில்லும்தான் கிடந்தன. சலித்தார். கால்நடைச் சந்தையிலிருந்து வேனில் ஆட்டுப் புழுக்கை வரவழைத்து ஆறு மாதம் மக்கவைத்தார். காய்கறித் தோல், பேரீச்ச மட்டைத் தூள், வேப்பம்புண்ணாக்கு. இப்போது பிடித்தால் பிடியில் நின்றது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. விருந்தாளிகள் வந்தால் வீட்டுக்காரர் பாஸ்கர் அவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துவந்து காட்டுவார். “எங்க தோட்டம். ஒரு துளி கெமிக்கல் கிடையாது.” யார் செய்தது என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

“குச்சி வேண்டாம்ணா,” என்றான் வருண்.

“கம்பெனி ரூல் தம்பி. குச்சி இல்லேன்னா கபீர் பாய் என் மேல ஏறிருவாரு.”

ஏழு முளைத்தன. விரல் விரலாகப் பிரிந்த இலை, ஓரத்தில் பல். சிவகங்கைப் பக்கம் யாரிடம் காட்டினாலும் புளிச்சக்கீரை என்றுதான் சொல்வார்கள். பொன்னுச்சாமிக்கும் அப்படியே பட்டது. ஒரே ஒரு குறை. கிள்ளினால்தான் கீரை துளிர்க்கும். வருண் கிள்ளவே விடவில்லை. தண்ணீரும் அவனே ஊற்றினான். ஜனவரியில் செடி இடுப்புயரம் வந்தது.

ஒரு புதன்கிழமை காலை வசந்தகுமாரி பின்வாசலில் நின்று கூப்பிட்டாள். பாஸ்கரின் மனைவி.

“பொன்னுச்சாமி, அந்தப் புளிச்சக்கீரை ஒரு கட்டு பறி. கடையலாம். வருண் துபாய் போயிருக்கான், வந்தா விடமாட்டான்.”

புளிச்சக்கீரை பறிக்கப் போகிறவர்கள் முதலில் ஓர் இலையை வாயில் போட்டுப் பார்ப்பார்கள். ஊரில் எல்லாரும் செய்வது. பொன்னுச்சாமி ஒன்றைக் கிள்ளி மென்றார்.

புளிக்கவில்லை.

இன்னொரு முறை மென்றார். கசந்தது. விரலில் பிசின் ஒட்டியிருந்தது. முகர்ந்தார். ஊர் பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறைக்குப் பின்னால், பையன்கள் ஒதுங்கிப் புகைக்கும் இடத்தில் எப்போதும் நிற்கும் வாடை. துப்பினார். குழாயடிக்குப் போய் மூன்று முறை வாய் கொப்பளித்தார்.

“என்ன, முத்திப்போச்சா?” என்றாள் வசந்தகுமாரி.

“இது கீரையே இல்லம்மா.”

“பின்ன?”

“கஞ்சாம்மா.”

அவள் பக்கத்து வில்லாவின் ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொன்னுச்சாமி மண்வெட்டியை எடுத்தார். ஜன்னல் திறந்தது.

“தொடாத. அவர் வரட்டும்.”

பொன்னுச்சாமி தொடவில்லை. நான்கு மணிக்குக் கம்பெனி வேன் வந்தது. தொழிலாளர் கேம்ப்புக்குப் போனார்.

வியாழன் காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தார். ஏழு செடிகளும் அப்படியே நின்றன.

“இன்னும் எடுக்கலியாம்மா?”

“வருண் ராத்திரியே வந்துட்டான். ரெண்டு வாரத்துல எடுத்துடறேங்கறான். இவ்ளோ நாள் வளர்த்துட்டானாம். அதுவரைக்கும் நீ கண்டுக்காத.”

“என் நம்பர் நிக்குதும்மா அங்க.”

“அதான் சொல்றேன்ல, கண்டுக்காத.”

கண்டுகொள்ளாமல் இருக்க அது என்ன எறும்புப் புற்றா? மண்வெட்டியோடு பின்பக்கம் போனார். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வழக்கமாகப் பத்து மணிக்கு வரும் கபீர் அன்று முன்னதாக வந்துவிட்டார்.

“யல்லா, சீக்கிரம் காட்டுப்பா. இன்னும் பத்து வீடு இருக்கு.”

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். சொன்னால் போலீஸ். பிப்ரவரி இருபதாம் தேதி லீவு. இரண்டு முறை தள்ளிப்போய்க் கிடைத்த லீவு. மனைவி வீரம்மாளிடம் தேதியைச் சொல்லியாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டார். கபீர் போட்டோ எடுத்தார். செடியும் குச்சியும் 114-ம் தெளிவாக விழுந்தன. கபீர் கீழக்கரைக்காரர், கடலோரத்து ஆள். கீரை அவருக்குத் தெரியாது.

ஆபீஸில் முரளிதரனுக்குத் தெரிந்தது. விவசாயம் படித்தவர், அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பதினோரு மணிக்குக் கபீரின் போன் வந்தது.

“என்னப்பா பண்ணி வச்சிருக்க? போட்டோ பெரிய மேனேஜர் வரைக்கும் போயிருச்சு.”

“பாய், சத்தியமா நான் போடல பாய். நேத்துத்தான் தெரியும்.”

“நேத்தே தெரிஞ்சு காலையில என்கிட்ட சொல்லலியே. பன்னெண்டு மணிக்கு மேனேஜரோட வர்றேன். செடியத் தொட்டுறாத. தொட்டா கலாஸ், உன் தலையில முடிஞ்சிரும்.”

பொன்னுச்சாமி விஷயத்தை வசந்தகுமாரியிடம் சொன்னார். அரை மணி நேரத்தில் பாஸ்கரின் கார் வந்தது. டியூட்டியைப் பாதியில் விட்டு வந்திருந்தார். பொன்னுச்சாமியை உள்ளே கூப்பிட்டார். மூன்று வருடத்தில் அவர் அந்த வீட்டுக்குள் போவது அதுதான் முதல் முறை.

“உக்காருங்க பொன்னுச்சாமி.”

நேற்றுவரை ‘இங்க வா’தான்.

சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். வசந்தகுமாரி டீ கொண்டுவந்து வைத்தாள். குழாயடியில் அவருக்கென்று ஓர் எவர்சில்வர் டம்ளர் உண்டு. இது பீங்கான் கோப்பை, கீழே தட்டு. எதிரே வருண் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“நடந்தது நடந்துபோச்சு,” என்றார் பாஸ்கர். “நீங்க ஒண்ணும் பெருசா சொல்ல வேணாம். ஊர்லேர்ந்து யாரோ குடுத்த விதை, கீரைன்னு நெனச்சுப் போட்டேன். அவ்ளோதான். படிக்காதவர், தெரியாம செஞ்சுட்டார்னு விட்டுடுவாங்க. மிஞ்சிப்போனா ஊருக்கு அனுப்புவாங்க. நீங்கதான் போறதா இருக்கீங்களே.”

“அனுப்பலேன்னா சார்?”

“நான் இருக்கேன்ல.”

“எங்க இருப்பீங்க? உள்ளயா, வெளியவா?”

பாஸ்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வசந்தகுமாரி பேசினாள்.

“கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அவனுக்கு இப்பத்தான் வாழ்க்கையே ஆரம்பிக்குது.”

“எனக்கு முடிஞ்சுபோச்சாம்மா?”

வருண் தலையை நிமிர்த்தாமலே அப்பாவிடம் சொன்னான்.

“குச்சில இருக்கறது அவர் ஹேண்ட்ரைட்டிங்தான்பா. கீரைன்னும் அவர்தான் எழுதியிருக்கார்.”

பொன்னுச்சாமிக்குக் காது சுட்டது. எழுந்து நின்றார். கோப்பையைத் தொடவில்லை.

“எழுதுனது நான்தான் தம்பி. நீங்க சொன்னத நம்பி எழுதுனேன். குச்சி வேணாம்னு அன்னைக்கே சொன்னீங்களே, எதுக்குன்னு இப்பத்தான் புரியுது.”

“அண்ணா, நான் அப்படி மீன் பண்ணல...”

“அண்ணனா? அண்ணன உள்ள தள்ளிட்டு நீங்க வேலைக்கு அப்ளை பண்ணுவீங்க. அப்படித்தானே?”

“சத்தம் போடாதீங்க,” என்றார் பாஸ்கர்.

“போடுவேன் சார். மூணு வருசம் மண்ண நான் செஞ்சேன். வந்தவங்ககிட்ட எல்லாம் எங்க தோட்டம்னீங்க. பொன்னுச்சாமி தோட்டம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? கத்திரி உங்களுது, வெண்டை உங்களுது. இந்த ஏழு செடி மட்டும் என்னுதா?”

“இங்க பாருங்க, நாம எல்லாம் ஒரே ஊர்க்காரங்க...”

“இன்னைக்குக் காலையில வரைக்கும் நான் கம்பெனி ஆள் சார்.”

வெளியே கார் வந்து நின்றது. பொன்னுச்சாமியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். கபீரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“கேட்டுல நிக்கிறோம். மேனேஜர் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு. குச்சி உன்னோடது, சரி. விதையப் போட்டது யாரு?”

பொன்னுச்சாமி போனைக் கண்ணாடி மேசையின் மேல், வருணுக்கு முன்னால், நகர்த்தி வைத்தார்.

“தம்பி, உங்களத்தான் கேக்குறாங்க. சொல்லுங்க.”