சோபாவின் வலது ஓரம்

சோபாவின் வலது ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தியபோது ஈரம் விரலிடுக்கில் ஏறியது. வேலைக்குக் கிளம்பி ஒரு காலில் செருப்பையும் மாட்டிவிட்டவள், மனசு கேட்காமல் திரும்பி வந்து தொட்டுப் பார்த்திருந்தாள். தொட்டிருக்கக் கூடாது. தொட்ட பிறகு அப்படியே போட்டுவிட்டுப் போக முடியாது. கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, குஷனின் உறையைக் கழற்றி வாளியில் போட்டாள். பஞ்சின் மேல் பழைய துண்டை வைத்து ஒற்றி எடுத்தாள். ஜன்னல் திட்டில் உட்கார்ந்து மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் என்பது பூனை. மகள் கல்லூரியில் படித்த நாட்களில் மழையில் நனைந்து கிடந்ததென்று துப்பட்டாவில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தது. பெயர் வைத்தவர் அவள் கணவர். வீட்டில் யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தான் ஒரு துரும்பையும் நகர்த்தாமல், குற்றம் கண்டுபிடிக்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும். "எங்க பஸ் டிப்போவுலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. அதுக்கு மீசை கொஞ்சம் கம்மி" என்பார் அவர். மகள் கல்யாணமாகிப் போனபோது கட்டில், மேஜை, துணிமணி எல்லாம் கூடவே போயின. மேனேஜர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

முதலில் தப்பு மேனேஜருடையதுதான், அதில் சந்தேகமில்லை. குளியலறை மிதியடியில் மூத்திரம் போனது. துவைக்கக் குவித்த துணியில் போனது. ஒருநாள் அவள் கண்ணெதிரிலேயே, அதற்கென்று வைத்திருந்த மணல் தட்டில் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, என்னவோ நினைத்துக்கொண்டதுபோல வெளியே வந்து, வாசல் கதவருகே குந்தியது. அவள் கத்தினாள். அது பாதியில் எழுந்து, வழியெல்லாம் சொட்டிக்கொண்டே ஓடியது. அந்தச் சொட்டில் லேசாகச் சிவப்பு இருந்ததைத் துடைக்கும்போதுதான் கவனித்தாள். அன்றே கூடையில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மருத்துவர் அவள் மகள் வயதுப் பெண். பூனையின் வயிற்றை அழுத்திப் பார்த்தபடியே சொன்னாள். "மணல் பெட்டில போகலைன்னா அது திமிர் இல்லம்மா. இதுக்கு உள்ள புண்ணாயிருக்கு. பெட்டிக்குள்ள போனப்பல்லாம் வலிச்சிருக்கு. அதனால வலியே அந்தப் பெட்டிலதான் இருக்குன்னு நெனச்சுக்கிச்சு. வேற எடத்துல போனா வலிக்காதுன்னு எடம் தேடுது. அவ்வளவுதான்."

 அவளோ இரண்டு நாட்களாக அதைத் துடைப்பத்தால் விரட்டியிருந்தாள்.

மருந்து கொடுத்தாள். மருத்துவர் சொன்னதையெல்லாம் பரீட்சைக்குப் படிப்பவள்போல மனப்பாடம் செய்து ஒன்றுவிடாமல் நடத்தினாள். துணி துவைக்கும் இயந்திரத்தின் சத்தம் பூனைக்கு ஆகாதென்று மணல் தட்டைப் பின்பக்க வராந்தாவுக்கு மாற்றினாள். மூடியைக் கழற்றி எறிந்தாள். வாசனை போட்ட மணலை நிறுத்தி, ஒன்றுமில்லாத சாதா மணல் வாங்கினாள். மகளின் காலி அறையில் இன்னொரு தட்டு வைத்தாள். காலையிலும் மாலையிலும் கரண்டியால் கட்டிகளை அள்ளிப் போட்டாள். பினாயிலை மறந்தும் தொடவில்லை. அதற்கென்றே விற்கிற, புளித்த பழம்போல வாடையடிக்கும் திரவத்தைத் தெளித்துத் துடைத்தாள். மேனேஜர் தெளிந்தது. மிதியடி காய்ந்தே கிடந்தது. காலையில் தட்டைப் பார்த்தால் ஒழுங்கான கட்டிகள், மேலே அழகாக மூடிய மணல்.

ஆனால் சோபா மட்டும் நனைந்துகொண்டே இருந்தது.

சோபாவில் படுப்பது கணவரின் வழக்கமாகியிருந்தது. புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து கட்டிலில் முதுகு வலிக்கிறதென்று டிவி எதிரிலேயே சாய்ந்துவிடுவார், பூனையும் அவர் காலடியில் சுருண்டுகொள்ளும். வாழ்க்கை முழுக்கத் தொலைதூரப் பஸ் ஓட்டியவர். "தண்ணி குடிச்சா வண்டிய நிறுத்தணும். வண்டிய நிறுத்தினா நேரம் போயிடும். ராத்திரி ஏறுனா விடியற வரைக்கும் நான் எறங்கினதே கெடையாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இப்போது டிப்போவில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருந்தார்கள். அதற்கும் இன்னும் போக ஆரம்பிக்கவில்லை. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிய அன்று, மருத்துவர் பேச வந்த நேரத்தில் கணவரே அவளை மருந்து வாங்கிவர அனுப்பிவிட்டார். திரும்பி வந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "எல்லாம் கிளியர்" என்றார், ரோட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

நோய் மனிதனை மாற்றிவிடும் என்று அவள் நம்பத் தொடங்கியிருந்தது அந்த நாட்களில்தான். ஒரு டம்ளரைக்கூடக் கழுவி வைக்காதவர், தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டார். அவள் எழுந்திருப்பதற்கு முன்பே கொடியில் லுங்கி காயும். சலவைக் கடையில் கூட வேலை செய்யும் பெண்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். பூனையின் மேலும் அவருக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. முன்பெல்லாம் கூடத்தில் அது குறுக்கே வந்தால் செருப்புப் பறக்கும். இப்போது, "இதுக்கு மேல என்னால முடியாதுங்க, எங்கயாவது விட்டுடலாம்" என்று அவள் அலுத்துக்கொண்டால், அவர்தான் வக்காலத்து வாங்கினார்.

"விடும்மா. வாயில்லா ஜீவன். அதுக்கென்ன தெரியும்? வேணும்னா செய்யுது?"

மகளுக்குக் குழந்தை பிறந்து, கொஞ்ச நாள் வந்து தங்குவதாக ஏற்பாடானபோது சிக்கல் முற்றியது. மகள் போனில் பட்டும்படாமல் ஆரம்பித்தாள். "அம்மா, மேனேஜர் இன்னும் சோபாவுல போகுதா? உன் மாப்பிள்ளை ரொம்ப யோசிக்கிறாரும்மா. பச்சக் குழந்த. கிருமி, அது இதுங்கறாரு. யார்கிட்டயாவது குடுத்துடேன்." மகள் வளர்த்த பூனை. குரல் கம்மிற்று. ஆனால் சொல்லிவிட்டாள்.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமென்று அவள் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு மறுபடி மருத்துவரிடம் போனாள். பரிசோதனையில் ஒன்றுமில்லை. புண் ஆறிவிட்டது.

"பெட்டில ஒழுங்கா போகுதா?"

"போகுது டாக்டர். ரெண்டு தட்டுலயும் போகுது. நான்தானே அள்ளுறேன்."

"அப்புறம் சோபாவுலயும் அவ்வளவு போகுதா? இத்தனூண்டு உடம்புல அத்தனை எங்கேருந்தும்மா வரும்?" மருத்துவர் சிரித்தாள். "வீட்டுல வேற ஏதாவது பிராணி இருக்கா?"

"இல்ல டாக்டர். நாங்க ரெண்டு பேரு மட்டும்தான்."

சொன்னபோது ஒன்றும் தோன்றவில்லை. மடியில் கூடையோடு பஸ்ஸில் உட்கார்ந்து, முன்னால் டிரைவரின் வியர்த்த முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தபோதுதான் அது வந்து இறங்கியது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வாளியில் கிடந்த உறையை எடுத்து முகர்ந்தாள். பூனையின் மூத்திரம் மூக்கில் ஊசிபோல ஏறும். இது அதுவல்ல. முதியோர் இல்லத்திலிருந்து கடைக்கு வரும் விரிப்புகளில் இருக்கிற, அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. புளித்த பழ வாடைக்கு அடியில் அது இத்தனை நாளும் இருந்திருக்கிறது. தேடினது பூனையை என்பதால் கிடைத்ததும் பூனையாகவே இருந்தது. கடையில் அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று துணி வாங்குகிறவள். வந்த புதிதில் முதலாளி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். என்ன கறை என்று எவரிடமும் கேட்காதே, எப்போது பட்டதென்று மட்டும் கேள். அவள் அதையும் கேட்கவில்லை. உறையைத் திரும்ப வாளியில் போட்டு அமுக்கினாள். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மருந்துக் கடையில் பெரியவர்கள் உள்ளே வைத்துக்கொள்ளும் பஞ்சுப் பட்டைகள் ஒரு பொட்டலம் வாங்கி, குளியலறை அலமாரியில், அவருடைய ஷேவிங் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் வைத்தாள். சொல்லாமல் சொல்லிவிட்டதாக நினைத்தாள். அவர் குளித்துவிட்டு அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார்.

"இது யாருக்கு?"

அந்த முகத்தைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "எனக்குத்தாங்க. வயசாகுதில்ல. இருமினா தாங்க மாட்டேங்குது."

அவர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "டாக்டரப் பாக்கலாமா?" என்றார். குரலில் நிஜமான கவலை இருந்தது. அதுதான் அவளை உடைத்தது.

"பாக்கலாம். ரெண்டு பேருமா போலாம்."

"நான் எதுக்கு? எனக்கென்ன?"

பொட்டலம் பிரிக்கப்படாமலே அலமாரியில் இருந்தது. மகள் வரும் வாரம் நெருங்கியது.

மேனேஜரை அழைத்துப் போகக் கண்டக்டர் வந்தார். கணவரோடு வருஷக்கணக்காக ஒரே பஸ்ஸில் போனவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மைத்துனருடைய மரவாடியில் எலித்தொல்லை என்று அவராகவே முன்வந்திருந்தார். "அண்ணி, நீங்க கவலையே படாதீங்க. அங்க தரை பூரா மரத்தூள்தான். அதுக்குன்னே கட்டிவிட்ட கக்கூஸ் மாதிரி. எங்க போனாலும் கேக்க ஆளில்ல." அவர் சிரித்தார். கணவரும் சிரித்தார். டீ குடித்து முடித்ததும் கண்டக்டர் கூடையைத் திறந்து வைத்தார்.

மேனேஜர் கூடையை முகர்ந்து பார்த்தது. அதைச் சுற்றிக்கொண்டு, மூன்று பேருக்கும் நடுவே நிதானமாக நடந்து வராந்தாவுக்குப் போனது. திறந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. மணல் தட்டில் இறங்கியது. குழி பறித்தது. குந்தி, அரைக் கண் மூடி, இருக்க வேண்டிய நேரம் இருந்தது. பிறகு திரும்பி முகர்ந்து பார்த்து, முன்காலால் இழுத்து இழுத்து மூடியது. மூடியது போதாதென்று இன்னொரு முறை மூடியது.

"நல்லாதானே போகுது?" என்றார் கண்டக்டர்.

 அவள் கணவரைப் பார்த்தாள். அவர் காலி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிட்டால் பூனை இங்கேயே இருக்கும். சொன்ன வீட்டில் இவர் எப்படி இருப்பார்? மாப்பிள்ளை வருவார், மகள் வருவாள், கண்டக்டர் டிப்போவுக்குப் போவார். கணவர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அந்த மௌனம் இன்னும் கொஞ்சம் நீண்டால் கண்டக்டருக்கே புரிந்துவிடும் என்று தோன்றியதும் அவள் முந்திக்கொண்டாள்.

"ஆளு இருந்தா அப்படித்தான். தனியா விட்டா புத்தியக் காட்டும்."

அவளேதான் தூக்கிக் கூடையில் வைத்தாள். அது திமிறவில்லை. அவள் மேல் அதற்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த நாளும் சோபா நனைந்திருந்தது. அவள் உறையைக் கழற்ற, அவர் பக்கத்தில் வந்து நின்றார். "வாடை ஊறிப்போச்சும்மா. பூனை போனாலும் வாடை போகாது போலிருக்கு." ஈரத்தை அவரும் வாடை என்றே சொன்னார். அவளும் "ஆமாங்க" என்றாள். இருவரும் குஷனின் இரண்டு முனையைப் பிடித்து மொட்டை மாடிக்கு ஏற்றினார்கள். படியில் அவர் நின்று நின்று ஏறினார்.

மாலையில் கண்டக்டர் போன் செய்தார். பூனை இறக்கிவிட்டதுமே பலகை அடுக்குக்குள் நுழைந்துவிட்டதாம். பால் வைத்தும் வரவில்லையாம், ஆளைப் பார்த்தால் இன்னும் உள்ளே போகிறதாம். அவள் போனை வைப்பதற்குள் கணவர் சட்டையை மாட்டிவிட்டிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவராக வெளியே கிளம்பியது அதுதான் முதல் தடவை. "நான் கூப்பிட்டா வரும்" என்றார்.

மரவாடியில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்துக்குமேல் அடுக்கிய பலகைகளுக்கு நடுவே கை நுழையும் இடைவெளிகள், உள்ளே ஒரே இருட்டு. அவர் ஒவ்வோர் இடைவெளியாகக் குனிந்து, "மேனேஜர்... மேனேஜர்..." என்று கூப்பிட்டார். கண்ணாடி அறையிலிருந்து டை கட்டிய ஒருவர் எட்டிப் பார்த்து, "சொல்லுங்க சார், என்ன வேணும்?" என்றார். ரம்பத்தருகே நின்றவர்கள் சிரித்தார்கள். கணவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மண்டி போட்டு, கையைத் தரையில் ஊன்றி, கன்னம் மரத்தூளில் படக் குனிந்து உள்ளே பார்த்தார்.

"வந்துடுப்பா. உன் மேல எதுவும் இல்ல. வந்துடு."

குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. பலகைகளுக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தார். அவள் தோளைத் தொட்டதும் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

முழங்காலிலும் முழங்கையிலும் ஒட்டியிருந்த தூள் தட்டியதும் உதிர்ந்தது. கால்சட்டையின் முன்பக்கத்திலும் தொடையின் உட்புறத்திலும் மட்டும் உதிரவில்லை. அங்கே தூள் கனமாக, அடர்ந்த பழுப்பில் அப்பிக்கொண்டிருந்தது. அவர் மறுபடி தட்டினார். பிறகு குனிந்து பார்த்தார். ரம்பம் நின்றிருந்தது. அவள் தன் கைப்பையை அவர் கையில் கொடுத்து, அவர் அதை முன்னால் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருந்தாள். பெண்கள் வைத்துக்கொள்ளும் சிறிய சிவப்புப் பை. அதை இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் வாசலை நோக்கி நடந்தார். அவள் ஓரடி முன்னால், அவரை மறைத்துக்கொண்டு நடந்தாள். காற்றில் மரத்தூள் எழுந்து இருவர் தலையிலும் மெல்லப் படிந்துகொண்டிருந்தது.