தலைவிரிச்சா

முத்தம்மாவின் தகரப் பெட்டியில், பழைய சேலைக்கு அடியில், ஒரு துணி முடிச்சு கிடந்தது. அதற்குள் ஒரு வெள்ளி நாணயம். கண்டோன்மெண்டில் அமெரிக்கப் பாதிரியார் ஒருவருக்குச் சமைத்துப் போட்ட மாமனாருக்கு, அந்தப் பாதிரியார் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஒரு பக்கம் கழுகு. மறுபக்கம் ஒரு பெண், கூந்தலை அவிழ்த்துக் காற்றில் விட்டபடி.

அங்கேதான் வினை. தலையை விரித்துப்போட்ட பொம்பளையைச் சாமி மாடத்தில் யார் வைப்பார்கள்? தூக்கி எறியவும் மனமில்லை. 'தலைவிரிச்சா' என்று பெயர் சூட்டி, கண்ணில் படாமல் மூட்டை கட்டிவிட்டார்கள். வீட்டின் இன்னொரு வெள்ளிச் சாமான் குங்குமச் சிமிழ். அதை வெள்ளிக்கிழமைதோறும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில், மூடியில் இருந்த லட்சுமிக்கு மூக்கு போய் வெகுகாலமாகிறது.

அந்தப் பெயர் மகள் தனக்கோடிக்கும் உண்டு. தலை குளித்துவிட்டு வாசலில் நின்று முடி உலர்த்தினால் போதும், நீலசந்திராத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி முத்தம்மா ஆரம்பித்துவிடுவாள். அந்த வெள்ளிக்கிழமை காலையும் அப்படித்தான்.

"உள்ள வாடி, தலைவிரிச்சா! நாளைக்குப் பத்தர் கோவிந்தப்பா வராரு. பொட்டில இருக்கிறவள உருக்கி உனக்குக் கொலுசு பண்ணச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம கோலார்லேர்ந்து பொண்ணு பாக்க வராங்க, மொட்டக் காலோடயா நிப்ப?"

"நான் கொலுசா கேட்டேன்? லா காலேஜ்ல சேத்து விடுன்னு கேட்டேன். சீட்டும் குடுத்துட்டான். பீஸ் கட்டத்தான் வழியில்ல."

"பி.ஏ. படிச்சதே இந்தத் தெருவுக்கு ஜாஸ்தி. வக்கீலாயி யார் மேல கேஸ் போடப் போற?"

"மொத கேஸ் உன் மேலதான். சாயங்காலம் எங்க ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் வராரு, அந்தக் காசப் பாக்க. அவர் பாத்து ஒண்ணும் தேறாதுன்னா, நீ கொலுசு பண்ணு, விலங்கு பண்ணு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

சூப்பரிண்டெண்ட் சுந்தரேசன் பழைய காசு சேர்க்கிற பைத்தியம். அவளுடைய டைப்பிங்கில் தப்புக் கண்டுபிடிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் பூதக்கண்ணாடியும் கையுமாக இருப்பவர். சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே சொன்னார்: "பழைய வெள்ளியைத் தேய்க்கவே கூடாது, தெரியுமோ? ஒரு தடவை புளி பட்டாப் போச்சு. அப்பறம் அது காசு இல்லே, வெறும் உலோகம்."

தனக்கோடிக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் பெரிய மனுஷன் வருகிறார். அதுவும் வெள்ளியைப் பார்க்க. அம்மா சும்மா இருப்பாளா? நாமே வாயைக் கொடுத்துக் கெடுத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பஸ் நின்றதும் நிற்காததுமாகக் குதித்து ஓடினாள்.

குழாயடியில் முத்தம்மா முழங்கை வரை புளியோடு உட்கார்ந்திருந்தாள். விளக்கு, சொம்பு, சிமிழ், எல்லாம் கண்ணைப் பறித்தன.

"காசு எங்கம்மா? அதையும் தேச்சுட்டியா?"

"வெளக்கேத்துற நேரத்துல அவளப் போய்த் தொடுவனா? நீயாச்சு, உங்க சாராச்சு. நீயே எடு."

தனக்கோடி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அல்போன்சா எட்டிப் பார்த்தாள்.

சுந்தரேசன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். முத்தம்மா எதிரே வைத்த காபியை, வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்றார். தனக்கோடிக்குத் தெரியும் அந்த 'வேண்டாம்' எதற்கு என்று. பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். நாணயம் மயில் கழுத்து நிறத்தில் மின்னியது. கூந்தல் இழை இழையாக நின்றது. கழுகின் இறகில் ஒன்றுகூட மழுங்கவில்லை. பெண்ணின் கழுத்துக்கு அடியில் 1795.

சுந்தரேசன் பூதக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"அமெரிக்காக்காரன் முதன்முதலா அடிச்ச டாலர் வகை. படத்தில்கூட இவ்வளவு சுத்தமாப் பார்த்ததில்லை. எப்படிம்மா இப்படிப் பாதுகாத்தேள்?"

"பாதுகாத்தமா? பயந்துக்கினு மூட்ட கட்டி வெச்சோம், சாமி."

அவர் தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணு பண்ணலாம். எனக்கே குடுத்துடுங்கோ. கனமா ஒரு ஜோடி கொலுசு வாங்கித் தந்துடறேன்."

முத்தம்மா முகம் மலர்ந்தது. தனக்கோடி குறுக்கே வந்தாள்.

"சார், இப்பத்தான் படத்துலகூடப் பாத்ததில்லன்னீங்க. அதுக்குள்ள கொலுசா? எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்குத் தெரியும். பம்பாய் ஏலக் கம்பெனிக்கு நானே எழுதறேன். உங்களுக்கு வேணும்னா அங்க வந்து கை தூக்குங்க."

சுந்தரேசன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சபலம்மா, மன்னிச்சுடு. முகவரி நானே தரேன். டைப் மட்டும் தப்பில்லாம அடி."

"இவளப் பாக்க பம்பாய்லேர்ந்து வருவானா?" முத்தம்மா வாயைப் பிளந்தாள். "கொலுசு?"

"லா காலேஜ் பீஸும்மா. அப்பறம் பாதிக் கொலுசு, பாதி புஸ்தகம். சரியா?"

"கோலார்க்காரங்களுக்கு இன்னாடி சொல்றது?"

"பொண்ணு வக்கீலுக்குப் படிக்கப் போறா, கேஸ் இருந்தா எடுத்துக்கினு வாங்கன்னு சொல்லு."

முத்தம்மா எழுந்து போய் மூக்கில்லாத லட்சுமிச் சிமிழைத் திறந்து, விரல் நிறையக் குங்குமத்தோடு பயபக்தியாகத் தலைவிரிச்சாளிடம் குனிந்தாள்.

"ஐயோ, வேணாம்!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

விரல் அந்தரத்தில் நின்றது. எடுத்த குங்குமத்தைத் திரும்பச் சிமிழில் போடுவதாவது! முத்தம்மா மகளின் நெற்றியில் அதை அழுத்தி வைத்தாள்.

"போ, படி. கோர்ட்டுக்காவது பின்னிக்கினு போவியா?"

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள் தனக்கோடி, பின்னலை அவிழ்த்துக்கொண்டே.