மோர் கொதித்த சங்கதி

1944 ஐப்பசியில் தா.பழூர் காத்தாயியின் அடிவயிற்றின்மேல் வைத்த சட்டியில் பதினொரு நாள் கஞ்சி கொதித்தது. அடைமழையில் விறகெல்லாம் நனைந்து கிடந்ததால் மாமியார் சின்னம்மாளுக்கு இது பெரிய ஒத்தாசை. காலையில் கஞ்சி, மதியம் கீரை, பொழுது சாய்ந்தால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் வெந்நீர். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த புருஷன் பாவாடை, நீர்க்கடுப்பு என்று நாலு இளநீர் குடித்துவிட்டு ரயிலேறிய மறுவாரம் அவளைப் பிடித்த காய்ச்சல் அது. "வலி பொறுக்க முடியல அத்த, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று காத்தாயி முனகினாள். "சித்த அசையாம படுடி, கீரை சிந்துது" என்றாள் சின்னம்மாள். பன்னிரண்டாம் நாள் வயிறு தானாகக் குளிர்ந்தது. தெருவே வருத்தப்பட்டது.

சண்டை முடிந்து பாவாடை திரும்பி இரண்டு வருஷமாகியும் வீட்டில் தூளி கட்டவில்லை. அரியலூர் டாக்டரம்மா காத்தாயியைச் சோதித்துவிட்டு, "கருப்பைக்கு ரெண்டு பக்கமும் மெல்லிசா குழாய் இருக்கும்மா. அந்தக் காய்ச்சல்ல புண்ணாகி, ஆறும்போது ஒட்டிக்கிச்சு. அன்னிக்கே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். இது உங்க வூட்டுக்காரர் கொண்டுவந்தது, அவருக்கும் ஊசி போடணும்" என்றார். "எம்மவனுக்கா? கல்லாட்டம் இருக்கான்" என்று சிரித்த சின்னம்மாள், கங்கைகொண்ட சோழபுரத்தில் அவனுக்கு இரண்டாம் பெண் பார்க்கக் கிளம்பினாள். மூத்தவளுக்குச் சம்மதம் என்று காட்ட, வெற்றிலைத் தட்டைக் காத்தாயியே தூக்கி வரவேண்டும். வருகிறவள் வயிற்றிலும் சட்டி ஏறும் என்று அவளுக்குத் தெரியும். வாய் திறந்தால் தனக்கு அந்த வீட்டில் இடமில்லை என்றும் தெரியும்.

பெண்ணின் தாய் கொளஞ்சி மாப்பிள்ளையிடம் மோர்ச்செம்பைக் கொடுத்தாள். பாவாடை கையில் வாங்கியதும் மோர் திரிந்து, நுரைத்து, வேட்டியில் பொங்கி வழிந்தது. "வெயில்ல வந்தான்ல, அந்தச் சூடு" என்றாள் சின்னம்மாள். இரண்டாவது செம்பும் கொதித்தது.

காத்தாயி தட்டைக் கீழே வைத்தாள். "வெயில் சூடு இல்லங்க. என் வயித்த வேகவச்ச சூடு" என்று, டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

கொளஞ்சி நிதானமாகக் கேட்டுவிட்டுப் பாவாடையிடம் சொன்னாள். "போயி ஊசி போட்டுக்குங்க தம்பி. போட்டுக்கிட்டும் இந்தப் பக்கம் வந்துடாதீங்க."

பாவாடை ஊசி போட்டுக்கொண்டான். வேறு யாரும் பெண் கொடுக்கவில்லை. சின்னம்மாள் விறகு வாங்கினாள், காத்தாயியை வீட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஒட்டியது ஒட்டியதுதான், காத்தாயிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் பெண் பார்த்தாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் போகும். பிள்ளையில்லாதவளை நல்ல காரியத்துக்குக் கூப்பிடலாமா என்று ஒருத்தி கேட்டாள். தனக்கு வரவிருந்த மருமகன் கையில் மோர் கொதித்த பிறகு கேட்கவில்லை. காத்தாயி செம்பை நீட்டுவாள், சபை மொத்தமும் மோரையே பார்க்கும். அவள் தலையசைத்த பிறகுதான் உள்ளேயிருந்து பெண் வரும்.