பக்கத்து வீட்டில் பாடிய தட்டு

ஒயரின் தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தாள் நோண்டி. கத்தரிக்கோல் படுக்கையறையில் இருந்தது. அதை எடுக்க உள்ளே போனால் கட்டிலைத் தாண்டித்தான் வர வேண்டும். பல்லே போதும் என்று இருந்துவிட்டாள்.

"அதை விட்டுட்டு வந்து உக்காரேன்மா," என்றாள் அண்ணி. அறை வாசலில், கையில் ஈரத் துணியோடு நின்றிருந்தாள். "டாக்டர் காலையில என்ன சொல்லிட்டுப் போனார்னு நீயும்தானே கேட்ட?"

"இதோ முடிஞ்சிடும் அண்ணி. எர்த் ஒயர் ஒண்ணுதான் பாக்கி."

"நேத்தும் ஏதோ ஒண்ணுதான் பாக்கின்ன."

அண்ணி உள்ளே போய்விட்டாள். அண்ணனின் மூச்சு கூடம் வரைக்கும் கேட்டது. ஈர மரத்தை அறுப்பது போல, இழுத்து, நின்று, மறுபடி இழுத்து.

நோண்டி என்பது அண்ணன் வைத்த பெயர். சிறு வயதில் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டாள், இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தாள், தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே குழாயைக் கழற்றி வீட்டைக் குளமாக்கினாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், தலை நரைத்தும் போகவில்லை. ஆயத்த ஆடை ஆலையில் தையல் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறாள். அங்கேயும் அவள் நோண்டி அக்காதான். அண்ணி மட்டும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, "ஒரு பொண்ணைப் போய் அப்படியா கூப்பிடுவாங்க" என்று அந்தப் பெயரை வாயில் எடுத்ததில்லை. "அம்மா" என்பாள், இல்லையென்றால் வெறும் "ம்மா".

இந்த வேலை ஒரு பந்தயத்தில் ஆரம்பித்தது.

போன வாரம், கொஞ்சம் தெம்பாக இருந்த ஒரு மாலையில், "ஒரு தட்டு கேட்டா நல்லா இருக்கும்" என்றான் அண்ணன். இசைத்தட்டுப் பெட்டி கூடத்துச் சுவரோடு சேர்த்து அடித்த மர அலமாரியில் இருந்தது. அதன் ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோய் நெடுநாள் ஆயிற்று. ஃபோனில் போடட்டுமா என்று கேட்டாள். முகத்தைச் சுளித்தான்.

"ஃபோன்ல ஊரே கேக்குது. என் தட்டுக்கு என்ன வந்துச்சு?"

"சரி, அது அங்கேயே சுத்தட்டும். நான் ஒரு ஸ்பீக்கர் கொண்டுவந்து உன் தலைமாட்டுல வைக்கறேன். நடுவுல ஒயரே கிடையாது."

அவனுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அண்ணி முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. "துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன்டி நான்," என்றான் மூச்சு திரும்பியதும். "கயிறு இல்லாம எதுவும் மேல ஏறாது."

"ஏறும்."

"பந்தயமா?"

"பந்தயம். ஏறிடுச்சுன்னா, நீ தோத்துட்டேன்னு உன் வாயால சொல்லணும்."

"அதை மட்டும் கேக்காத," என்றான். ஆனால் கையை நீட்டினான். அவள் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஸ்பீக்கரும் ஒரு ப்ளூடூத் டப்பாவும் வாங்கி வந்து மாட்டிய அன்று, கொசு பாடுவது போல ஏதோ கேட்டது, அவ்வளவுதான். ஊசி எழுப்புகிற மின்சாரம் மிகச் சின்னது, அதைப் பெரிதாக்க நடுவில் ப்ரீ ஆம்ப் வேண்டும் என்றார் கடைக்காரர். அதை வாங்கி மாட்டினால் பாட்டோடு சேர்ந்து ஓர் உறுமலும் வந்தது. தோற்கிற ஒவ்வொரு தடவையும் கட்டிலோரம் போய் நடந்ததைச் சொன்னாள். அவனும் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டான். பாட்டுக் கேட்கும் ஆசையைவிட, இது எங்கே போய் முடியும் என்கிற ஆசைதான் இப்போது அவனுக்கு அதிகம்.

"ஏன் உறுமுது?"

"எர்த் இல்ல. ஒரு ஒயர் இழுத்துக் கட்டணும்."

"பாத்தியா! கடைசியில ஒயர்தான்."

அந்த ஒயரைத்தான் இப்போது முறுக்கித் திருகில் கட்டினாள். ப்ரீ ஆம்பில் ஹெட்போனைச் செருகிக் கேட்டாள். உறுமல் இல்லை. ப்ளூடூத் டப்பாவின் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். நீல விளக்கு படபடவென்று மின்னி, மின்னி, பிறகு அசையாமல் நின்றது. ஜோடி சேர்ந்துவிட்டது. தட்டைச் சுழலவிட்டு ஊசியை இறக்கிவிட்டு அறைக்கு ஓடினாள்.

தலைமாட்டில் ஸ்பீக்கர் ஊமையாக உட்கார்ந்திருந்தது.

அண்ணன் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினான். "ஏறலையா?"

"ஏறிடுச்சுன்னு விளக்கு சொல்லுதே!"

அப்போது சுவர் அதிர்ந்தது. தொம், தொம், தொம். மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், துடைப்பக் கட்டையால் தட்டுகிறார். ஒரு காலத்தில் இந்த வீட்டில் தட்டு பாடினால் அந்தப் பக்கமிருந்து இப்படித்தான் பதில் வரும். அதில் ஆரம்பித்த சண்டை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்கு வளர்ந்து, அப்படியே நின்றுவிட்டது.

"இங்க பாட்டே இல்லையே," என்றாள் அண்ணி. "அந்த மனுஷன் எதுக்குத் தட்டுறார்?"

பதிலுக்கு அழைப்பு மணி அடித்தது. நோண்டி கதவைத் திறந்தாள். கண்ணாடிக்காரர் பனியனோடு நின்றிருந்தார், மூக்கு சிவந்து.

"இத்தனை வருஷம் சுவர் வழியா வந்துச்சு, பொறுத்துக்கிட்டேன்," என்றார். "இப்ப என்னோட ஸ்பீக்கருக்குள்ளயே வந்து உக்காந்து பாடுது! செய்தி கேக்கலாம்னு அதை ஆன் பண்ணினா, உங்க வீட்டுப் பாட்டு! இதுக்கு என்ன சொல்றீங்க?"

நோண்டிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. நீல விளக்கு ஜோடி சேர்ந்தது அவருடைய ஸ்பீக்கரோடு! விளங்கியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள். நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். தண்ணீர் வந்த பிறகு அது சிரிப்புதானா என்று அவளுக்கே சந்தேகமாகி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அந்த அமைதியில் அவருக்கும் உள்ளேயிருந்து வந்த மூச்சுச் சத்தம் கேட்டது.

"அவரா?" என்றார் மெல்ல. "இவ்வளவு தூரம் ஆயிடுச்சுன்னு எனக்கு யாரும் சொல்லலையே." ஒரு காலைப் பின்னால் வைத்தார். "நான் போய் என்னோடதை அணைச்சிடறேன். இனிமே அது உங்க ஸ்பீக்கரைத்தான் தேடும்."

"அவரை… உள்ள வரச் சொல்லு," என்று அறையிலிருந்து குரல் வந்தது.

கண்ணாடிக்காரர் கட்டிலருகே வந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அண்ணி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். உட்கார்ந்தார்.

"அங்க கேட்டுச்சா?" என்றான் அண்ணன்.

"கேட்டுச்சு."

"எப்படி?"

அவர் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். "நல்லாத்தான் இருந்துச்சு. சுவர் வழியா எனக்கு எப்பவும் தொம்தொம்னு அடி மட்டும்தான் வரும். அதுக்கு மேல ஒரு பொம்பளைக் குரல் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும்."

அண்ணனின் உடம்பு குலுங்கியது. சத்தம் வராத சிரிப்பு. "பாவம்யா நீ," என்றான். "அந்த அடிய மட்டும் கேட்டா… நானும் கட்டையத் தூக்கியிருப்பேன்."

கண்ணாடிக்காரர் போய் அணைத்துவிட்டு வந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நோண்டி பொத்தானை மறுபடி அழுத்தினாள். விளக்கு மின்னியது, நின்றது. அறையிலிருந்து பாட்டு வந்தது.

தெளிவாக வந்தது. அந்தப் பெண்குரல் ஒரு வரியைத் தொட்டு, நீட்டி, மடக்கியது. அண்ணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். நோண்டி கூடத்திலேயே நின்று அலமாரிக்குள் குனிந்தாள். ஒரு விஷயம் அவள் காதில் பட்டது. ஊசி, தட்டின் மேல் தானாகவே மிக மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. ஊசி பாடிய சொல்லையே, ஒரு கண் சிமிட்டும் நேரம் கழித்து, அறை பாடியது. மறுபடி கேட்டாள். ஆமாம். இங்கே முதலில், அங்கே பிறகு.

ஓடிப் போய் அண்ணனிடம் சொன்னாள். அவன் கண்ணைத் திறந்தான்.

"ரெண்டும் ஒண்ணா வரலையா?"

"இல்ல. இங்க கொஞ்சம் பிந்தித்தான் வருது."

அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தான். "அப்போ… அங்க முடிஞ்சு… இங்க வராத நேரத்துல… எங்க இருக்கும்?"

ஸ்பீக்கர் கடைக்காரர் சொன்ன விளக்கம் ஏதோ நாக்கு நுனி வரை வந்தது. அவன் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று தோன்றியது. "தெரியலண்ணா."

"நோண்டிப் பாரு," என்றான்.

பந்தயத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

தட்டு முடிந்ததும் மறுபக்கம் திருப்பக் கூடத்துக்கு வந்தாள். புடவை நுனியால் தூசியைத் துடைத்தாள். ஊசியை இறக்கினாள். முதல் வாத்தியம் எழுந்தது, அலமாரிக்குள் மெல்லியதாக, பிறகு அறைக்குள் பெரிதாக.

"நோண்டி," என்று அழைத்தாள் அண்ணி.

சத்தமாகக்கூட அழைக்கவில்லை. அவளை அந்தப் பெயரால் அண்ணி கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நோண்டி அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூச்சுச் சத்தம் இல்லாததால் இன்னும் தெளிவாகக் கேட்டது.

தட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை யாரும் அதை நிறுத்தவில்லை. கண்ணாடிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கழற்றிய தன் கண்ணாடியைப் பனியன் நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை அண்ணனைக் கொண்டுபோக வண்டி வந்தது. லிஃப்டுக்குள் படுக்க வைத்துக் கொண்டுபோக இடம் போதாது என்றார்கள். படிவழியாகத்தான் இறக்க வேண்டும். கண்ணாடிக்காரர் தலைப்பக்கம் பிடித்தார். அண்ணி பின்னாலேயே படியில் இறங்கினாள். நோண்டியின் முழங்கால்கள் அலமாரி முன்னால் மண்டியிட்டு மண்டியிட்டு வீங்கியிருந்தன.

"நீங்க லிஃப்டுல வாங்க," என்றார் யாரோ.

தனியாக ஏறினாள். கதவு மூடியது. கீழே வந்து திறந்தது. வாசலில் வண்டி மட்டும் நின்றிருந்தது. அண்ணன் மேலிருந்து கிளம்பியாயிற்று, இங்கே இன்னும் வரவில்லை. மேலே, படி வளைவில் எங்கோ, "கொஞ்சம் சாய்ங்க, மெதுவா, மெதுவா" என்று கண்ணாடிக்காரரின் குரல். கனத்த காலடிகள். அவள் லிஃப்டின் வாசலில், உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

மாடியில் யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். கதவு மூட வந்து, அவள் காலில் இடித்து, திறந்தது. மறுபடியும் வந்து இடித்தது. அவள் காலை எடுக்கவில்லை.